நிற்காமல் ஓடிய பம்பு

1

மீட்டர் கடிதம் இந்த வருடமும் வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நெய்வேலியில் இருப்பவர்கள் சிரிக்கக் கூடாது. பெர்லினில் எங்கள் பகுதியில் வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் மீட்டரைப் படித்து அனுப்பச் சொல்லி வீட்டுக்குக் கடிதம் வரும். ஆள் வரமாட்டார். நாமே வீட்டின் நிலவறைக்கு இறங்கி, டார்ச் அடித்து, குனிந்து, கறுப்பு எண்களை மட்டும் எழுதி அனுப்ப வேண்டும். சிவப்பு எண்கள் புள்ளிக்குப் பின்னால் வருபவை, அவற்றை எழுதக் கூடாது. முதல் வருடம் நான் சிவப்பையும் சேர்த்து எழுதிவிட்டேன். நாலாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, மிக மரியாதையாக, "நீங்கள் சலவைத் தொழிற்சாலை நடத்துகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, மூன்று பேர் குளிக்கிறோம் என்றேன்.

நான் என்ன செய்வேன்? நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் வளர்ந்த பிளாக்கில் மீட்டர் என்றால் ஆட்டோவில் இருப்பது. குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் வரும் நேரம் தெரியும், எவ்வளவு வந்தது என்று எவருக்கும் தெரியாது. குழாயில் வாஷர் போனால் அது பாட்டுக்கு ஒழுகும், பின்னால் இருக்கும் வாழை கொழுக்கும். மெயின்டனன்ஸ்காரர் வரும்போது, "ஏன் சார் இப்பவே வந்துட்டீங்க, வாழை குலை தள்ளட்டுமே" என்று அம்மா சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

கடிதத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் வைத்து அனுப்புகிறார்கள். இந்த நாடு தண்ணீரை யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று தோசையை வெட்டின மாதிரி ஒரு வட்டப் படம். மற்றவர்கள் குப்பையில் போடுவதை நான் காபியோடு உட்கார்ந்து படிப்பேன். இங்கே பெரிய துண்டு மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகிறது. வீடுகளுக்கு ஒரு துண்டு. வயலுக்கு வெறும் விள்ளல், ஏனென்றால் வானம் பார்த்துக்கொள்கிறது. நம் ஊரில் இதே படத்தைப் போட்டால் வயலே முக்கால் தோசையைத் தின்றுவிடும், வீட்டுக்கு ஓரத்து முறுகல்தான் மிஞ்சும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நெய்வேலித் தண்ணீரை இந்தப் படத்தில் எங்கே வைப்பார்கள்? சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் மணலுக்குள் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். இறைத்த தண்ணீர் மின்நிலையத்துக்குப் போகும், எங்கள் குழாய்க்கு வரும், மிச்சம் வாய்க்காலில் ஓடி நெல்வயலுக்குப் போகும். சுரங்கம், மின்சாரம், வீடு, வயல் என்று ஒரே தண்ணீர் நாலு துண்டிலும் உட்கார்ந்திருக்கிறதே! இதை அந்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தேன். "ஏற்கெனவே நம்மள சலவைக்காரங்கன்னு நினைச்சுட்டாங்க, சும்மா இரு" என்றார் என் கணவர்.

2

பெர்லினைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாத சேதி ஒன்று உண்டு. இது ஈர மண். எங்கள் பக்கத்தில் ஒன்றரை ஆள் ஆழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். தெருமுனைகளில் பச்சை வண்ணம் பூசிய அடிபம்புகள் நிற்கின்றன. வந்த புதிதில் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் சும்மா அடித்துப் பார்த்தேன், கொட்டுகிறது! கோடையில் ஜனங்கள் வாளியில் பிடித்துத் தெருவோர மரங்களுக்கு ஊற்றுகிறார்கள். பணக்கார நாட்டின் தலைநகரத்தில் அடிபம்பு வேலை செய்கிறது, நெய்வேலிக்குப் பக்கத்தில் என் சித்தி ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் செய்யவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

இன்னொரு வேடிக்கை. பெர்லின் சுவர் இடிந்த பிறகு இங்கே நிறைய ஆலைகளை மூடினார்கள். ஆலைகள் உறிஞ்சுவது நின்றதும் நிலத்தடித் தண்ணீர் மேலே ஏறி, சில பகுதிகளில் வீடுகளின் நிலவறைக்குள் கசிய ஆரம்பித்தது. சிக்கனம் வேறு. சில ஊர்களில் வீட்டுக்காரர்கள் தண்ணீரை அவ்வளவு இழுத்துப்பிடித்துச் செலவழிப்பதால் சாக்கடையில் ஓட்டமில்லாமல் நாறி, நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிவிடுகிறார்களாம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கட்டிவிடவில்லை.

நாங்கள் வாங்கின பழைய வீட்டிலும் நிலவறை. அதன் மூலையில் ஒரு குழி, குழிக்குள் சின்ன பம்பு. பம்போடு பந்து மாதிரி ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி பம்பு ஓடும், தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கி நின்றுவிடும். வீட்டை விற்றவர் இதை எனக்கு விளக்கியபோது நான் கேட்ட ஒரே கேள்வி, "நின்றுவிடுமா?" என்பதுதான்.

3

என் அப்பா சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். ஷிப்டு முடிந்து வந்தால் வண்டியை நிறுத்துவதற்குள் அம்மா கேட்பது "சாப்பிட்டியா" அல்ல, "எல்லாம் ஓடுதா" என்றுதான். ஓடுது என்றால் அன்று நல்ல நாள். பம்பு நின்றால் அடியில் இருக்கும் தண்ணீர் குழியின் தரையைத் தூக்கிவிடும் என்று நாங்கள் பிள்ளைகள் பாடம் மாதிரி ஒப்பிப்போம். "பாப்பா, தண்ணி கீழ முட்டிக்கினு நிக்குது. நாம கண்ண மூடுனா அது நம்மள கேட்டுக்கினு மேல வராது" என்பார். அப்பாவுக்கு விழுப்புரம் பக்கம். டவுன்ஷிப்பில் எத்தனையோ மாவட்டத்துப் பேச்சு கலந்தும் அந்தக் 'கினு' மட்டும் அவர் வாயைவிட்டுப் போகவில்லை.

இப்படி வளர்ந்தவளிடம் தானாக நிற்கிற பம்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? போன பனிக்காலம் முடிந்து நல்ல மழை பெய்தபோது நிலவறைத் தரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. ஒரு தட்டுதான். ஆனால் அங்கேதான் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இருக்கிறது, வாஷிங் மெஷின் இருக்கிறது. பழைய சுடிதார் நாடா ஒன்றை எடுத்து, மிதவையைத் தூக்கி, சுவரில் போகும் பைப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். பம்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. குழிக்குள் ஊற்று விடாமல் வந்ததால் அது காய்ந்து எரியவும் இல்லை. தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போனது. மேலே சமையலறையில் நின்றால் காலடியில் லேசாக ஓர் உறுமல் கேட்கும். கேட்கக் கேட்க எனக்கு நிம்மதி. ஒரு நாடாவை வைத்து ஒரு சுரங்கத்தையே காப்பாற்றின திமிர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் கும்பகோணம். அவருக்கு இதெல்லாம் புரியாது.

4

பக்கத்து வீட்டு ஹெல்காவுக்கு எழுபத்துநாலு வயது. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜெர்மனில் நாங்கள் இருவரும் 'நீ' போட்டுத்தான் பேசுவோம், தமிழில் அப்படி எழுத எனக்குக் கை கூசுகிறது. எங்கள் மகள் ஷாரன் சிறுபிள்ளையாக இருந்தபோது, எனக்கு வேலை நேரம் நீளும் நாட்களில் அவளைப் பார்த்துக்கொண்டவர் ஹெல்காதான். ஷாரனுக்குத் தமிழைவிட ஹெல்காவின் பெர்லின் பேச்சு நன்றாக வருகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, நன்றியும் உண்டு.

ஹெல்காவின் தோட்டத்தில் ஓர் அடிபம்பு இருக்கிறது. அவர் கணவர் உயிரோடு இருந்தபோது தன் கையால் மண்ணில் இறக்கின குழாய். பீன்ஸ், தக்காளி, உருளை எல்லாம் அதில் அடித்த தண்ணீரில்தான் வளரும். குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்கு விட அவருக்கு மனம் ஒப்பாது. "குடிக்கிற தண்ணீரை மண்ணில் ஊற்றுவதா?" என்பார்.

ஆடி மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அதுதான் உச்சக் கோடை. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அடிபம்பு சத்தம் மாறிக் கேட்டது. வெறும் காற்று இழுக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன்.

"இருமுகிறது," என்றார் ஹெல்கா. நெற்றியில் வியர்வை. "போன வருடம் இதைவிட வெயில். அப்போதுகூட இப்படி ஆனதில்லை. புதுக் குழாய் இறக்கலாம் என்றால் அனுமதி, படிவம், ஆள், இந்த வயதில் யாருக்காக? வரவில்லை என்றால் தோட்டத்தை மூடிவிட்டு லைப்ஸிக்கில் மகன் வீட்டோடு போய்விடுவேன். அவன் நாலு வருடமாகக் கூப்பிடுகிறான்."

காலடியில் என் பம்பு உறுமுவது வேலியருகேகூடக் கேட்பது மாதிரி இருந்தது. "மழை பெய்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பொய்க்காரி.

5

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது முத்தாண்டிக்குப்பத்தில், லூர்து சித்தி வீட்டில். அம்மாவின் தங்கை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவாள், விடுமுறையில் நாங்கள் அங்கே போவோம். சித்தி வீட்டு வாசலில் இருந்த அடிபம்பு அந்தத் தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது. ஒரு கோடையில் அது இருமியது. அடுத்த கோடையில் பேச்சையே நிறுத்திவிட்டது.

யார் காரணம் என்று அன்று முதல் இன்று வரை ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மழை பொய்த்தது என்பார்கள். முந்திரிக்கொல்லைக்கும் கரும்புக்கும் ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு போட்டதால் என்பார்கள். சுரங்கம் இறைப்பதால் என்பார்கள். மூன்றும் சேர்ந்து என்பாரும் உண்டு. இதில் இன்னொரு சிக்கல், சித்தப்பாவின் நெல்வயல் பச்சையாக நின்றதே சுரங்கத்திலிருந்து வாய்க்காலில் வந்த தண்ணீரால்தான். வயலுக்குத் தண்ணீர் இருக்கிறது, வாசலில் இல்லை. சித்தி யாரைப் போய் திட்டுவாள்?

திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"ஏன் மாமா, ஒரே ஒரு நாளு உங்க பம்ப நிறுத்தி வைங்களேன். எங்க வூட்டுல தண்ணி வருதா பாக்கலாம்."

சும்மா கேலியாகத்தான் கேட்டாள். அம்மாகூடச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "இன்னா வெளையாடறியா? அது நிக்கக் கூடாது லூர்து" என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். சித்தி, "சரிங்க மாமா, சரிங்க" என்று சோற்றைப் பிசைந்தாள். இத்தனை பம்புகளில் அப்பா ஒருவர் நிறுத்தினால் என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சித்தி வருவதை நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பஞ்சாயத்துக் குழாய் வந்தது, அவள் பாடு நடந்தது.

6

ஒரு வாரம் நான் ஹெல்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. அந்த வாரத்தில் ஒரு புத்திசாலித்தனமும் செய்தேன். இங்கே எதற்கும் ஓர் அலுவலகம் இருக்குமே, அதைக் கூப்பிட்டு, பெயர் சொல்லாமல், நிலவறை பம்பைப் பற்றி விசாரித்தேன்.

"நீங்கள் நிலத்தடி நீரை எடுக்கிறீர்களா, வெளியேற்றுகிறீர்களா?" என்றார் எதிர்முனையில் இருந்த அம்மாள்.

"இரண்டும் ஒன்றுதானே?"

"இல்லை. இரண்டுக்கும் வெவ்வேறு படிவம்."

"வீடு முழுகாமல் இருக்க இறைக்கிறேன்."

"எப்போதாவதா, தொடர்ச்சியாகவா?"

நான் போனை வைத்துவிட்டேன். என் பரம்பரையில் யாரும் அந்தக் கேள்விக்கு 'எப்போதாவது' என்று பதில் சொன்னதில்லை.

சனிக்கிழமை துணி துவைக்க நிலவறைக்குப் போன ஷாரன் நாடாவைப் பார்த்துவிட்டாள். பதினாறு வயது. மரத்தைக் காப்போம், ஆற்றைக் காப்போம் என்று பதாகை பிடித்துத் தெருவில் போகிறவள். மேலே வந்து, அவளுக்கு வருகிற தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மா. இது ஏன் கட்டியிருக்கு?"

"நின்னுடக் கூடாதுன்னு."

"நின்னா?"

"தண்ணி ஏறும்."

"எவ்ளோ ஏறும்? நீ அளந்தியா?"

அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றியதில்லை. ஷாரன் குரலை உயர்த்தவில்லை, அதுதான் சுட்டது. "ஹெல்காவோட பம்பு உன்னாலதான் நின்னுச்சா?" என்றாள்.

"தெரியாதுடி."

"தெரிஞ்சுக்கலாமே. நிறுத்திப் பார்க்கலாம்."

கேலி இல்லை, கோபம் இல்லை. ஒரு பரிசோதனை, அவ்வளவுதான் அவளுக்கு. கொதிகலன் நனையும் என்பதற்காகத்தான் தயங்குகிறேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாடாவை அவிழ்த்தது நான்தான். அதை மட்டும் அவளிடம் விடவில்லை.

மிதவை விழுந்தது, பம்பு நின்றது. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

7

நேரே ஹெல்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முதலில் தெரிந்துகொண்டு பிறகு சொல்லலாம் என்று ஒரு மனசு இழுத்தது. பிறகு என்றால் நான் சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரியும். மிதவை, நாடா, அப்பா, சுரங்கம் என்று கோர்வையில்லாமல் சொன்னேன். ஜெர்மன் வினைச்சொற்களெல்லாம் இடம் மாறி உருண்டன. ஹெல்கா கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"வசந்தத்திலிருந்தா?"

"ஆமாம்."

"நான் இருமுகிறது என்று சொன்னபோதே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது."

"அப்படியானால் ஒரு வாரம் நான் வாளி தூக்கியிருக்க வேண்டியதில்லை," என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நான் அழுதுகொண்டே திரும்பினேன்.

ஷாரன் ஒரு மர அளவுகோலைக் குழிக்குள் நிறுத்தி, காலையும் மாலையும் எண்ணைக் குறித்தாள். நான் மணிக்கொருதரம் இறங்கிப் பார்த்தேன். முதல் நாள் தண்ணீர் இரண்டு விரல் ஏறியது. இரண்டாம் நாள் மிதவை கொஞ்சம் தலை தூக்கியது. மூன்றாம் நாள் பம்பு தானாக ஓடி, சற்று நேரத்தில் தானாக நின்றது. தரையில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம் வந்தது. கொதிகலன் கிட்டக்கூட வரவில்லை. இத்தனை மாதம் நான் ஒரு தட்டு ஈரத்துக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் ஹெல்கா வேலியில் வந்து நின்று, "இரண்டு பேரும் வாருங்கள்" என்றார். போனோம். என்னைத்தான் அடிக்கச் சொன்னார். முதல் ஆறேழு அடிக்குக் காற்று. பிறகு கைப்பிடி கனத்தது. துருவும் மணலுமாகக் கொஞ்சம் வந்து, அப்புறம் தெளிந்து கொட்டியது. ஷாரன் கைதட்டினாள். நான் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன், வாளி நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்தது.

"போதும், போதும், மறுபடியும் காலி பண்ணிவிடாதே," என்றார் ஹெல்கா. அந்தக் கேலியில்தான் எனக்கு மூச்சு வந்தது. லைப்ஸிக் பேச்சு எழவில்லை. இனி என் பம்பு எப்போதாவது ஓடும்போது வரும் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு ஹோஸ் போட்டுத் தன் பீன்ஸ் பாத்திக்கு விட முடியுமா என்று கேட்டார். அதற்கு எந்தப் படிவம் என்று ஷாரன் தேடிக்கொண்டிருக்கிறாள்.

8

அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம், இங்கே மத்தியானம். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குறிஞ்சிப்பாடி போகும் வழியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நாடா வரைக்கும் சிரித்தார். ஹெல்காவின் அடிபம்புக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இருப்பா, இது சின்ன குழி, அங்க இருக்கறது சுரங்கம். இத வச்சு அத சொல்ல முடியாது," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அது உண்மையும்தான்.

"தெரியும் பாப்பா," என்றார். "அன்னிக்கி லூர்து கேட்டப்ப சத்தம் போட்டேன் பாரு. குழி முழுகிப்பூடும்னு மட்டும் இல்ல. நான் ஒருத்தன் நிறுத்த முடியாது, அது வேற. ஆனா நிறுத்தி, அவ வூட்டுல தண்ணி வந்துட்டா அப்புறம் நான் எப்படி டூட்டிக்குப் போவேன்னு நெனச்சேன். அதான் பயம்."

அப்பா பயந்தார் என்று அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எத்தினி நாள்ல வந்துச்சு?" என்றார்.

"மூணு நாளாச்சுப்பா."



"லூர்து ஒரு நாளுதான் கேட்டா," என்றார் அப்பா. "ஒரு நாள்ல வந்திருக்காதுல்ல?"

"வந்திருக்காதுப்பா," என்றேன்.